கட்டாத மேல்மாடி

கற்பிட்டி
14.01.2024

மகன் ஜௌபருக்கு உம்மா செய்னம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், சுகம் பிறகு விசாரிக்கிறேன். மேசன் பாஸையும் அவனுடைய ஆட்களையும் வியாழக்கிழமை கூலி கொடுத்து அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்குப் பக்கத்தில் உன் மகள் அஸ்மியாவுக்கென்று கட்டுகிற வீட்டில் இனி ஒரு கல்லும் ஏறாது. கீழ்வீடு முடிந்துவிட்டது, கதவு ஜன்னல் போட்டாயிற்று, மேலே கொன்கிறீட் தட்டும் போட்டாயிற்று. மேல்மாடிக்கென்று விட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நிற்கட்டும். காகம் இருக்க இடம் வேண்டாமா?

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அஸ்மியாவோடு போனில் கதைத்தேன். பிள்ளை குளியலறைக்குள் நின்று, தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டுக் கதைக்கிறாள். "உம்மும்மா, சோதனை முடிஞ்ச உடன என்னை ஊருக்கு அனுப்புறயாம். மேல படிக்கச் சல்லி இல்லயாம். சல்லியெல்லாம் வீட்டுக்குத்தானாம்" என்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளும் அழுகைச் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குக் காது நல்லது.

கத்தாரில் லண்டன் சோதனை எழுதின பிள்ளைக்கு இங்கே அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சும்மா படிக்க இடம் கிடைப்பது அரிதாம். கொழும்புப் பக்கம் காசு கட்டித்தான் படிக்க வேண்டுமாம். மருந்துப் படிப்பு, பார்மசியாம், நாலு வருடம். எவ்வளவு என்று கேட்டேன், சொன்னாள். மேல்மாடிக்கு நீ சொன்ன தொகையும் ஏறத்தாழ அதுதான். நான் ஐந்தாம் வகுப்பு. இந்தக் கணக்குக்கு ஐந்தாம் வகுப்புக் காணும்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், நீ போனில் சொன்னதை அடுத்த வருடம் சொல்லவில்லை என்பாய். 2019 ஹஜ்ஜுப் பெருநாளன்று, மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, நான் கோழிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறபோது, "புள்ளைகள் எதுவரைக்கும் கேட்டாலும் படிப்பிப்பன் உம்மா" என்று சொன்னாய். போன வருடம் கேட்டால் ஞாபகமில்லை என்றாய். கடதாசியில் எழுதினால் ஞாபகம் இருக்கும். நீ எழுத்தில் பதில் தரும்வரை உன் போனை எடுக்க மாட்டேன்.

மருமகள் றிஷ்னாவுக்கும் சின்னவன் இனாஸுக்கும் சலாம். என் முழங்கால் பழையபடிதான்.

உம்மா


தோஹா
02.02.2024

அன்புள்ள உம்மாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினெட்டு முறை போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

உம்மா, கோபப்படாமல் கேளுங்கள். நம் ஊரில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தானே வந்து இருப்பார், வீடில்லாமல் எந்தப் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் வருகிறது? நான் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இங்கே என்னோடு இருக்கும் கற்பிட்டி ஆட்கள், புத்தளம் ஆட்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். மாதச் சம்பளம் வந்தால் முதலில் அறை வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், மிச்சம் ஊரில் மகளின் சுவர். பத்து வருடமாக அஸ்மியாவின் படிப்புக்கென்று தனியாக ஒரு சதமும் நாங்கள் சேர்க்கவில்லை என்பது உண்மை. சேர்த்திருக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் என்னிடம் இல்லை. ஒன்றைத்தான் செய்யலாம்.

புத்தளம் டவுனில் கடை வைத்திருக்கும் நல்ல குடும்பமொன்று அஸ்மியாவைக் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளையின் உம்மா மேல்மாடியோடு வீடு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பெருநாள் முடிந்து வீடு பார்க்க வருவார்கள். அதற்குள் மேலே சுவராவது எழும்ப வேண்டும்.

உங்களுக்கு இந்த வயதில் மேசன்மாரோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். ஆகவே பதியுதீன் மாமாவை வேலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இனி அவர் கையில்தான் காசு அனுப்புவேன். சீமெந்தும் சாமான்களும் ஸ்டோர் அறைக்குள்தானே இருக்கின்றன, அந்தப் பூட்டின் திறப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்
ஜௌபர்


கற்பிட்டி
24.02.2024

ஜௌபருக்கு,

சலாம் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உலகத்தில் உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. என் தம்பி பதியுதீன்தான் கிடைத்தான். உன் வாப்பா மௌத்தாகி ஏழாம் நாள், கத்தம் ஓதின சோற்றுக் கை காய முதல், "ராத்தாக்கு என்ன தெரியும், காணிய என்ட பேருக்கு எழுதட்டும், நான் பாத்துக்கிறன்" என்று சொன்னவன். 2002, பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு இந்த வளவை விட்டுப் போனவன் இருபத்திரண்டு வருடம் கழித்து உன் தயவில் திரும்பி வந்திருக்கிறான்.

போன சனிக்கிழமை காலை வந்தான். பின்னால் மேசன், அவனுக்குப் பின்னால் இரண்டு கூலியாட்கள். நான் ஸ்டோர் வாசலில் கதிரையைப் போட்டு, சுளகில் கூனி இறால் புடைத்துக்கொண்டிருந்தேன். கதிரை வாசலை முழுக்க அடைத்தது.

"ராத்தா, மருமகன் சொல்லித்தான் வந்த. தெறப்பத் தாங்க."

"எனக்கும் ஒரு மகன் இரிக்கான். என்னட்ட கேக்காமத் தெறப்பக் குடுக்கச் சொல்ற மகன்."

"புள்ளட வீடு அரைவாசில நிக்கிது. ஊரு சிரிக்கிது."

"சிரிக்கட்டும். ஊருக்குப் பல்லாச்சும் இரிக்கி. உனக்கு எத்தின மிச்சம்?"

மேசன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கினது எனக்குத் தெரிந்தது.

பதியுதீனுக்குக் கோபம். "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு ராத்தா அவ்வளவு படிப்பு? எவ்வளவு படிச்சாலும் குசினிதானே?"

"நீ வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுற. காத்துக்கு கைட் பட்டம் கட்டிக் கடல்ல ஓட வாற வெள்ளைக்காரிக்கு ஆரு இங்கிலீசு பேசுற? நீயா?"

"அதுக்குச் சம்பளத்துக்கு ஒரு புள்ள இரிக்கி."

"அந்தப் புள்ள படிச்சது உனக்கு நல்லா ஒதவுது. என்ட புள்ள படிச்சா மட்டும் உனக்கு நோவுது."

வெயில் ஏறும்வரை நின்றான். நான் கூனி முழுதையும் புடைத்து முடித்து, இன்னொரு தரம் முதலிலிருந்து புடைத்தேன். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னவுடன் போய்விட்டான். மேசன் மட்டும் போகிறபோது, "உம்மா, எனக்கும் ஒரு மகள் இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திறப்பு என் இடுப்பில் இருக்கிறது. வேண்டுமென்றால் நீயே வந்து வாங்கு.

உம்மா


தோஹா
11.03.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

இங்கே இன்று நோன்பு முதல் நாள். உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டு நோன்பைத் தொடங்க விருப்பமில்லை. மாமா போனில் ஒரு மணித்தியாலம் உங்களைப் பற்றி முறைப்பாடு சொன்னார். பல்லைப் பற்றி இரண்டு முறை சொன்னார்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்கு எழுதியதில்லை. எழுதினால் கவலைப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன். நாலு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம். நடுவில் துணித் திரை. அஸ்மியா படிப்பது சாப்பாட்டு மேசையில். நாங்கள் சாப்பிடும்போது புத்தகங்களைக் கட்டிலில் வைப்பாள், சாப்பிட்டு முடித்ததும் திரும்ப எடுப்பாள். றிஷ்னா பக்கத்து அறைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், அதில் வரும் காசுதான் இனாஸின் பள்ளிக்கூட வேன் காசு. களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்த மூன்று பேரை இந்த வருடம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது யார் என்று ஒவ்வொரு மாத முடிவிலும் யோசிக்கிறேன். வேலை போனால் வீடாவது மிஞ்ச வேண்டாமா? படிப்பை நடுவில் நிறுத்தினால் என்ன மிஞ்சும்? சுவர் அப்படியில்லை. எழுப்பிய அளவுக்கு நிற்கும்.

அஸ்மியா என்னோடு கதைப்பதில்லை. "ஓம் வாப்பா", "இல்ல வாப்பா", அவ்வளவுதான்.

பெருநாள் முடிந்து இரண்டாம் வாரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருகிறார்கள். தயவுசெய்து அவர்களை மரியாதையாக வரவேற்றுக் கீழ்வீட்டையாவது காட்டுங்கள். உங்கள் கையால் வட்டிலாப்பம் செய்து கொடுங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் உம்மா.

ஜௌபர்


கற்பிட்டி
29.04.2024

மகனுக்கு,

துணித் திரையைப் பற்றி வாசித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு நோன்பு திறக்கிற கஞ்சி இறங்கவில்லை. அதை ஏன் பத்து வருடம் மறைத்தாய்? அதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

நீ கேட்டபடி செய்தேன். பொய் சொல்ல மாட்டேன், நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினேன். இருபது முட்டை வட்டிலாப்பம். உன் தங்கச்சி மஸாஹிரா தன் வீட்டிலிருந்து புதுக் கதிரை உறைகள் கொண்டுவந்து போட்டாள். ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள்.

"எங்கட ஊட்டுல மூணு கதவு அலுமாரி ஒண்டு இரிக்கி. இந்த வாசலால போகுமா பாக்கணும்" என்று வாசலை அளந்தாள். பிறகு அறையை அளந்தாள். குளியலறையை அளந்தாள். மஸாஹிரா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேல எப்ப முடியும்?" என்றாள்.

"மேல வானம். அது முடிஞ்சுதான் இரிக்கி."

சிரிக்கவில்லை. "புள்ள மேல படிக்கிற எண்ணமாம். கேள்விப்பட்ட."

"ஓம். மருந்துப் படிப்பு. மாப்புள எதுவரைக்கும் படிச்ச?"

"கடை இரிக்கி" என்றாள்.

"கடையில எத்தினயாம் வகுப்பு வரைக்கும் இரிக்கி?"

மஸாஹிரா என் கையை நெரித்தாள். அந்த உம்மா நாடாவைச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "படிச்ச புள்ளைகளுக்கு வாய் கூட. அதுதான் எங்களுக்குப் பயம்."

"நான் அஞ்சாம் வகுப்பு. இந்த வாய் காணாதா உங்களுக்கு?"

அதற்கு மேல் அவர்கள் உட்காரவில்லை. நான் அவர்கள் வந்த வேன் வரைக்கும் போய்க் கதவைச் சாத்திக் கொடுத்தேன், ஆகவே மரியாதையில் குறை சொல்ல முடியாது. வட்டிலாப்பத்தை மஸாஹிராவின் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

மஸாஹிரா அவர்கள் போன பிறகு என்னை ஏசினாள். ஏசி முடித்துவிட்டு, "ஆனா உம்மா, குளியலறைய என்னத்துக்கு அளந்த?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

உம்மா


தோஹா
17.05.2024

உம்மா,

சம்பந்தம் தட்டிப்போனதை மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் சிரித்ததை உங்கள் கடிதத்தில் வாசித்தேன்.

நான் சிரிக்கவில்லை. மஸாஹிராவுக்குப் பதினாறு வயதில் வந்த ஒரு சம்பந்தம் வீடில்லை என்று தட்டிப்போனது. அன்றைக்கு நீங்கள் சிரிக்கவில்லை. வாப்பாவின் உழைப்பு சோற்றுக்கே காணவில்லை. மூன்று நாள் எழும்பாமல் படுத்திருந்தீர்கள். பிறகு என் கையைப் பிடித்து, "நீ போனாத்தான் மகன் ஏலும்" என்று சொன்னீர்கள். எனக்குப் பதினேழு வயது. உயர்தரக் கணக்குப் புத்தகங்களைக் கடதாசிப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு விமானம் ஏறினேன். முதல் ஏழு வருடச் சம்பளம் மஸாஹிராவின் வீடு. நான் அதற்காக ஒரு நாளும் முறைப்பாடு சொல்லவில்லை. வீடு இல்லாவிட்டால் பெண்பிள்ளைக்கு வாழ்க்கையில்லை என்று நீங்கள் சொன்னதை நம்பினேன். இன்னும் நம்புகிறேன்.

இப்போது அதே நீங்கள் வீடு முக்கியமில்லை, படிப்புத்தான் முக்கியம் என்கிறீர்கள். அப்படியென்றால் நான் எதற்குப் போனேன்? இருபத்தேழு வருடம் இங்கே எதற்கு நிற்கிறேன்?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜௌபர்


கற்பிட்டி
20.06.2024

என் மகன் ஜௌபருக்கு, உம்மாவின் சலாமும் துஆவும்.

இந்தக் கடிதத்தை நாலு தரம் தொடங்கிக் கிழித்தேன். கடைக்காரன் புதுக் கொப்பி கொடுக்கிறபோது, "உம்மா என்ன, ஸ்கூல் போறயா?" என்று கேட்டான்.

நான் ஒருவருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1997, நோன்புப் பெருநாள் முடிந்து ஆறாம் நாள். நீ பாஸ்போட் வேலையாகப் புத்தளத்துக்குப் போயிருந்தாய். உன் கணக்கு மாஸ்டர் வந்தார், தலவில ஊரிலிருந்து வருகிற தோமஸ் மாஸ்டர். சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். கதிரை போட்டேன், இருக்கவில்லை. "உங்கட மகனப் போல ஒரு பிள்ளை எனக்கு இருபது வருசத்தில கிடைக்கல்ல. ஒண்டரை வருசம் மட்டும் பொறுங்க. சோதனை எழுதட்டும். நானே வந்து சும்மா படிப்பிச்சுத் தாறன்" என்றார்.

"பொறுக்க ஏலா மாஸ்டர்" என்றேன். டிக்கட்டுக்கு முற்காசு கட்டியாயிற்று. பிளேன்டீ கொடுத்தேன். நின்றபடி குடித்துவிட்டு, கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். அவர் வந்ததை உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீ நின்றுவிடுவாய் என்று பயந்தேன்.

ஊரில் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று நாளும் கிழமையும் சொல்வேன், உனக்குத் தெரியும். அவ்வளவையும் நான் சொல்லிக்கொண்டிருந்தது இந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்கத்தான் போல.

நீ எதற்குப் போனாய் என்று கேட்டாய். மஸாஹிரா இன்றைக்குத் தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டித் தானே திறக்கிறாள். ஒரு மாமியிடம் ஏச்சுக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கவில்லை. அது உன் உழைப்பு. அது வீண் என்று யாராவது சொன்னால் நான் அவன் வாசலில் போய் நிற்பேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கொடுத்தது நீ. கொடுக்க வைத்தது நான். அந்த விலையை உன்னிடம் வாங்கினது போதும். உன் மகளிடமும் வாங்க நான் விட மாட்டேன். நான் மாறிவிட்டேன் என்று சொல்கிறாய். ஓம். பிழை விட்டவள் மாறாமல் யார் மாறுவது?

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். மன்னித்துக்கொள், ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

வீடு நிற்கிற காணி என் பேரில் இருக்கிறது. கல்யாணத்தன்று பெண்ணின் பேரில் எழுதிக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். பெண்ணுக்கு எழுத வேண்டும் என்பது வழக்கம், சரி. கல்யாணம்வரை பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? மே மாதம் மூன்றாம் திகதி அஸ்மியாவுக்குப் பதினெட்டு முடிந்தது. முந்தநாள் மஸாஹிராவோடு புத்தளத்துக்குப் போய் நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் எழுதினேன். காணியும் வீடும் அஸ்மியாவுக்கு. அவள் சார்பில் மஸாஹிரா ஏற்றுக் கையொப்பம் வைத்தாள்.

நொத்தாரிசு, "நிக்காஹ் எப்ப உம்மா?" என்று கேட்டார்.

"நிக்காஹ் இல்ல. படிப்பு."

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, "சீதன உறுதிதானே?" என்று திரும்பவும் கேட்டார்.

"சீதனம்தான். மாப்புளைக்கில்ல, அவளுக்கு" என்றேன். மனிதர் பேனாவை எடுத்தார்.

உறுதியின் பிரதி இதோடு இருக்கிறது. பக்கத்து வீட்டு மக்பூல் தோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் அனுப்புகிறேன். "என் மகளின் வீடு" என்று நீ எத்தனை வருடமாகச் சொல்கிறாய்! இப்போது சட்டப்படியும் அவளுடைய வீடுதான். மேல்மாடி வேண்டுமா வேண்டாமா என்று இனி நானும் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. வீட்டுக்காரியைக் கேள்.

உம்மா


தோஹா
30.08.2024

அன்புள்ள உம்மாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு கிழமை சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். தோமஸ் மாஸ்டர் வந்தது எனக்குத் தெரியாது. என் களஞ்சியத்தில் அந்தக் கிழமை பெட்டிகளை இரண்டு முறை பிழையாக எண்ணினேன். கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். ஒன்றரை வருடம்தானே கேட்டிருக்கிறார்! ஆனால் யாரோடு கோபிப்பது? அந்த நேரம் உங்களுக்கு என்னுடைய இப்போதைய வயது. மகளுக்கு வீடில்லை என்று பயந்த ஒருவரைத்தான் அந்தக் கடிதத்தில் பார்த்தேன். அது நானாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது உறுதியை அஸ்மியாவிடம் கொடுத்தேன். கை கழுவிவிட்டு வந்து, காணியின் நாலு எல்லையையும் சத்தமாக வாசித்தாள்.

"இது இப்ப எனக்கா வாப்பா, கலியாணத்துக்குப் பொறகா?"

"இப்ப."

"அப்ப நான் சொல்றதுதானா?"

கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "ஓம்" என்றேன்.

"அப்ப மேல்மாடி வாணாம் வாப்பா. கீழ் வீட்ட வாடகைக்குக் குடுப்பம். என்ட தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அது காணும். நீங்க மேல்மாடிக்கு அனுப்புற சல்லிய கம்பஸ் படிப்புக்கு அனுப்புங்க. உங்கட வேல போனாலும் வாடகை வரும்."

உம்மா, நான் பத்து வருடமாகப் பயந்த பயத்துக்கு அவள் ஒரே மூச்சில் பதில் வைத்திருந்தாள். எவ்வளவு நாளாக யோசித்திருப்பாள்? றிஷ்னா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். இனாஸ், "அப்ப ராத்தாதான் எங்கட வீட்டுக்காரியா?" என்று கேட்டான். ஜனவரிக்குப் பிறகு எங்கள் அறையில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இந்த மாதம் பரீட்சை முடிவு வந்தது. இரண்டு ஏ, ஒரு பி. மருந்துப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. நேற்று முதல் தவணையை அனுப்பினேன். பணம் அனுப்பும் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டங்கள் இருக்கும். இத்தனை வருடமும் "வீடு" என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டேன். நேற்றுக் கை தானாக அங்கேயே போனது. வெட்டிவிட்டு, "கல்வி" என்பதில் போட்டேன். வெட்டிய இடத்தில் கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சந்தோஷமாக இருந்தது, உம்மா. வேலைக்கு பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன், அந்த வெயிலில்.

இன்னொன்று. பதியுதீன் மாமா போன் எடுத்தார். டிசம்பர் காற்றுக்கு வரும் வெள்ளைக்காரருக்கு அவரிடம் அறை போதாதாம், நம் கீழ்வீட்டைத் தருவாயா என்று கேட்டார். "வீட்டுக்காரியைக் கேளுங்க மாமா" என்று அஸ்மியாவின் நம்பரைக் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிக் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

அஸ்மியா செப்டம்பர் இருபதாம் திகதி வருகிறாள். போனை எடுப்பீர்களா உம்மா?

ஜௌபர்


கற்பிட்டி
27.10.2024

என் மகன் ஜௌபருக்கும் மருமகள் றிஷ்னாவுக்கும் உம்மா சந்தோஷத்தோடு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் எடுக்கத் தொடங்கிவிட்டேன்தான். ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும். போனில் சொன்னால் நீ குறுக்கே கதைப்பாய்.

முதலில் பதியுதீன். அஸ்மியா வந்து மூன்றாம் நாள் வந்தான். பல்லுக் கட்டியிருக்கிறான், முழு வாயும். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். கதிரையைக் காட்டினேன்.

"மகள், வாடகைய நான் ராத்தாட கையில தாறன். உனக்கு என்னத்துக்கு அந்தக் கரைச்சல்?" என்றான்.

"கரைச்சல் இல்ல அப்பா" என்று பாட்டன் முறை சொல்லிக் கூப்பிட்டாள். "பாங்குக் கணக்குல போடுங்க. மூணு மாச முற்காசு, மாதம் அஞ்சாம் திகதிக்குள்ள. உடைஞ்ச சாமானுக்கு நீங்க பொறுப்பு" என்று சொல்லி, தமிழில் ஒன்றும் இங்கிலீசில் ஒன்றுமாக இரண்டு கடதாசி வைத்தாள். அவன் இங்கிலீசுக் கடதாசியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"ராத்தா, இவளுக்கு ஒங்கட வாய் அப்பிடியே."

"இல்ல தம்பி. என்ட வாய் ஏசும். அவட வாய் ஒப்பந்தம் எழுதும்."

கையொப்பம் வைத்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு என் வீட்டில் அவன் குடித்த முதல் தேத்தண்ணி. மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. வாடகைக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை.

இனிக் கம்பஸ். போன திங்கட்கிழமை புதுப் பிள்ளைகளின் பெற்றாரைக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் அங்கே, ஆகவே நான் போனேன். பெருநாள் சாரியை உடுத்துக்கொண்டேன். பெரிய மண்டபம். குளிர் எலும்புக்குள் போனது, முந்தானையால் போர்த்திக்கொண்டேன். என் பக்கத்தில் மாரவிலப் பக்கத்துச் சிங்களப் பொம்பிளை ஒருத்தி. புருசன் இத்தாலியில், பதினாறு வருடமாம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதைத்தோம். "உங்கட வீடு கட்டி முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "எங்க முடியிற, கம்பி அப்படியே நிக்கிது, சல்லி முழுக்க இங்க வந்துட்டு" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு மேடையில் ஒரு பெரியவர் இங்கிலீசில் ஒரு மணித்தியாலம் கதைத்தார். பக்கத்திலுள்ளவர்கள் போன் பார்த்தார்கள், சிலர் எழும்பிப் போனார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் முதுகைச் சாய்க்காமல் கடைசிவரை இருந்து கேட்டேன். அஸ்மியா முன்னுக்குப் பிள்ளைகளோடு இருந்தாள். பெயர் கூப்பிட்டபோது உன் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள், ஜௌபர். ஒலிபெருக்கியில், அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்க நீ அங்கே இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

இனாஸுக்குப் பதின்மூன்று வயது. ஆம்பிளைப் பிள்ளைக்கு யாரும் வீடு கேட்க மாட்டார்கள், ஆகவே சாட்டுச் சொல்ல இடமில்லை. அவனுடைய படிப்புக்குச் சேர்க்க இந்த மாதமே தொடங்கு. சின்னதாக என்றாலும் தனியாகப் போடு.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது ஒரு காரணம். மண்டபத்தைப் பூட்ட வந்தவர், "முடிஞ்சுது அம்மே, இனிப் போகலாம்" என்று சிங்களத்தில் சொன்னார். திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். நாலு வருடம் கழித்துப் பட்டம் கொடுக்கிற அன்றைக்கு என்றார்.

"அப்ப எனக்கு எழுபத்தாறு" என்றேன். "இந்தக் கதிரைய ஒருத்தருக்கும் குடுக்காதீங்க."

உம்மா